எனக்குக் காட்டாத தராசு

கிளினிக்கில் டொக்டர் சொன்னதை வீடு வந்து சேரும்வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் பாடமாக்கிய பெரிய பாடம் அதுதான். காலையில் எழும்பி, கழிவறைக்குப் போய் வந்து, தேத்தண்ணிகூடக் குடிக்காமல், தினமும் ஒரே மாதிரி உடுப்போடு என் மனைவி நிறை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளைக்குள் இரண்டு கிலோ ஏறினால் அது சோறு இல்லை, தண்ணீர். அவளுடைய இதயம் தண்ணீரைத் தள்ளி அனுப்பக் கஷ்டப்படுகிறது. தேங்குகிற தண்ணீர் முதலில் காலில் நிற்கும், பிறகு நெஞ்சுக்கு ஏறும். நெஞ்சுக்கு ஏறுமுன் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

ஏற்கனவே ஒரு தடவை ஏறியிருந்தது. அவள் சுவரில் சாய்ந்திருந்து மூச்சுக்குப் பட்ட பாட்டை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் கொட்டாவி விட்டாலும் நான் எழும்பி நிற்கிறேன்.

நான் தையல்காரன். கல்முனை பஸார்ப் பக்கம் சின்னக் கடை, அபாயா தைப்பதுதான் அதிகம். டொக்டர் சொன்னதில் ‘ஒரே மாதிரி உடுப்பு’ என்ற இடத்தை மட்டும் நான் அவ்வளவு அழுத்திப் பாடமாக்கவில்லை. உடுப்பைப் பற்றி எனக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டுமா என்று இருந்துவிட்டேன்.

தராசு வாங்க வேண்டும் என்று சொன்ன அன்றைக்கே வீட்டில் பிரச்சினை தொடங்கியது.

“நான் ஏறுவன். ஆனா நம்பர் உங்களுக்குத் தெரியக் கூடா” என்றாள் மனைவி.

“டொக்டர் என்னயத்தானே பாக்கச் சொன்ன.”

“டொக்டர் நிறை பாக்கச் சொன்ன. உங்களப் பாக்கச் சொல்லல்ல.”

“புள்ள, இது நோய்க் காரியம். இதில என்ன வெக்கம்?”

“முப்பது வருசமா தெரியாமத்தானே இரிந்தீங்க. உங்களுக்கு என்ன கொறஞ்சி போயிட்டு?”

ஒன்றும் குறைந்து போகவில்லைதான். அவள் உடுத்த உடுப்பெல்லாம் நான் தைத்தது. அவளுடைய தோளும் கையும் இடுப்பும் நாடா பிடித்த இஞ்சிக் கணக்கில் எனக்குத் தெரியும். அதைச் சொல்லிப் பார்த்தேன்.

“இஞ்சி துணிக்குப் பாக்குற. கிலோ மாட்டுக்குப் பாக்குற” என்றாள். 

ஆக, நான் தேடிப் போக வேண்டிய தராசு இப்படிப்பட்டது: அவள் தினமும் ஏற வேண்டும், இரண்டு கிலோ ஏறினால் பிடித்துவிட வேண்டும், எனக்கு மட்டும் காட்டக் கூடாது. எந்த நேரமும் எனக்குப் பயம். நான் பயப்படுகிற ஒரே எண்ணை எனக்கு மறைக்கிற தராசை நானே போய்த் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது.

மனைவியின் தம்பி, என் மச்சான், போன் சாமான் கடை வைத்திருக்கிறான். உறைகள், சார்ஜர்கள், காதில் மாட்டுகிறவை. தராசும் விற்கிறான். நான் போன நேரம் மூன்றைத் தரையில் வரிசையாக வைத்தான்.

“முதலாவது முள்ளுத் தராசு. பெட்டரி வேணா, கரண்ட் வேணா, படிச்சிரிக்கவும் வேணா. உங்களுக்குப் பொருத்தம் மச்சான்.”

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்காதது போல ஏறி நின்றேன். இறங்கி மறுபடி ஏறினேன். முள் வேறு இடத்தில் நின்றது. மூன்றாவது தடவை இன்னொரு இடத்தில்.

“ரெண்டு கிலோ இதுக்குள்ளயே போய் வந்திரும் போல இரிக்கே.”

“அப்ப இதப் பாருங்க. இது வாய் பேசும்.”

இரண்டாவதில் ஏறினேன். அது ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் குரலில், கடை முழுக்கக் கேட்க, என் நிறையை இங்கிலீசில் அறிவித்தது. சார்ஜர் வாங்க வந்து நின்ற இரண்டு பேர் திரும்பி என் வயிற்றைப் பார்த்தார்கள். இறங்கிவிட்டேன். இதை வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று அவனுக்கு விளக்கிச் சொன்னேன். அவனுக்கும் தன் ராத்தாவைத் தெரியும். எடுத்து உள்ளே வைத்தான்.

மூன்றாவது கண்ணாடிப் பலகை. நாலு மூலையிலும் நாலு உலோகத் துண்டு.

“இதான் சாமான். ராத்தா ஏறினா நிறை அவட போனுக்குப் போகும். அங்கால கத்தாருக்கு, உங்கட மகள்ட போனுக்கும் போகும். கொழுப்பு, எலும்பு, தண்ணி எல்லாம் பிரிச்சிச் சொல்லும்.”

“தண்ணியயும் சொல்லுமா?”

“சொல்லும். காலுக்குள்ளால கொஞ்சம் கரண்ட் விட்டுப் பாக்குற.”

அங்கேதான் எனக்கு வியர்த்தது. பலவீனமான இதயம் உள்ளவளைக் கரண்ட் மேல் ஏற்றச் சொல்கிறான் சொந்தத் தம்பி. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். இங்கிலீசு எனக்கு வாசிக்க வராது, ஆனால் படம் புரியும். ஒரு இதயம் போட்டு, அதன் மேல் குறுக்காகச் சிவப்புக் கோடு இழுத்திருந்தது.

“இது என்ன?”

“அது சும்மா எல்லாத்திலயும் போடுற மச்சான்.”

நான் அந்தப் படத்தைப் போனில் படமெடுத்துக்கொண்டு போய்விட்டேன். அடுத்த கிளினிக் நாள் வரும்வரை அந்த இதயமும் கோடும் கடையிலும் சாப்பாட்டிலும் என்னோடு இருந்தன. டொக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார். நெஞ்சுக்குள் மெசின் வைத்தவர்கள் மட்டும் ஏறக் கூடாதாம். என் மனைவிக்கு மெசின் இல்லை. கொழுப்பு, தண்ணீர்க் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு நிறையை மட்டும் பார்க்கச் சொன்னார். வெளியே வந்து நேர்ஸிடமும் கேட்டேன். அதையே சொன்னா. மருந்து கொடுக்கிற இடத்திலும் கேட்டேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் பதில் சொன்னார், அவர் யாரென்று தெரியாது. அவரும் அதையேதான் சொன்னார்.

மறுபடி மச்சானிடம் போனால் அங்கே இன்னொரு கண்ணாடிப் பலகை வந்திருந்தது. முன்னையது போனைப் பக்கத்தில் வைத்தால்தான் பேசும். இது வீட்டு வைஃபையில் தானாகவே கத்தாருக்குப் பேசுமாம். போன் தேவையில்லை.

“கரண்ட் போனா?”

“போனா வைஃபை இல்ல.”

“மழைக்கு எங்கட லைன் அடிக்கடி போகுதே. அண்டைக்கெண்டு பாத்து ஏறினா?”

“கரண்ட் வந்தாப் போகும்.”

“வர முன்ன அவக்கு மூச்சு எடுத்தா?”

மச்சான் கதிரையை இழுத்து இருந்துகொண்டான். “நீங்க எங்கட ராத்தாவப் பொண்ணு பாக்க வந்த நேரம்கூட இவ்வளவு கேக்கல்ல.”

“அப்ப இவ்வளவு யோசிச்சிருந்தா உன்ட ராத்தா எனக்குக் கிடைச்சிருக்க மாட்டா.”

“கிடைச்சிருக்க மாட்டா. உங்களுக்குத் தெரியாது, வீட்டுல ஓமெண்டு சொன்னதே நான் ஒராள்தான்.”

போனோடு பேசுகிறதையே எடுத்தேன். போனுக்கு அதன் பெட்டரி இருக்கிறது, தராசுக்கு அதன் பெட்டரி இருக்கிறது. இரண்டும் ஒரே நேரம் சாகாது என்று ஒரு கணக்கு. எடுக்குமுன் சரிபார்க்க நான் ஏறினேன், மச்சான் தன் போனில் என் வயதையும் உயரத்தையும் போட்டான். அந்த மெசின் என் உடம்புக்கு என் வயதைவிடப் பதினொரு வயது கூடச் சொன்னது. தராசை இன்னொருவருக்காக வாங்கப் போய், என் மவுத்துக்கு நாள் கிட்ட வந்துவிட்ட செய்தியோடு திரும்பி வந்தேன். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. மச்சான் சொல்லிவிட்டான்.

பெட்டியில் அது குளியலறைத் தராசு என்று போட்டிருப்பதாக மச்சான் வாசித்துச் சொன்னான். எங்கள் குளியலறையில் ஒரு சாண் இடமும் காய்ந்திருப்பதில்லை. தொட்டியில் அள்ளி ஊற்றிக் குளிக்கிறவர்கள் நாங்கள். கண்ணாடி, ஈரம், வழுக்கல், தலையடி என்று என் மனம் ஓடியது. அறைக்குள் பாய்மேல் வைத்தால் நிறையைப் பிழையாகக் காட்டுமாம். கடைசியில் அறைக் கதவுக்குப் பின்னால், வெறும் தரையில் வைத்தோம். பலகை நடுவில் எண் மினுங்குகிற இடத்தில் கறுத்த அபாயாத் துணியில் ஒரு துண்டு வெட்டி, ஓரம் மடித்து, நானே ஒட்டினேன். ஓரம் மடிக்காமல் ஒட்டியிருக்கலாம். கை விடவில்லை.

எண் அவளுடைய போனுக்குப் போகும். அந்தப் போனுக்கு அவள் பூட்டுப் போட்டாள். கத்தாரில் மருமகனோடு இருக்கிற மகளுக்கும் போகும். மகளிடம் சத்தியம் வாங்கினாள். “வாப்பாக்குச் சொன்னா நான் தராசுல ஏற மாட்டன். உன்ட பொறுப்பு.”

மகள் எனக்குத் தனியாகப் போன் எடுத்தாள். “வாப்பா, நான் என்னத்தச் செய்ற? கூடினா உங்களுக்குச் சொல்லத்தானே வேணும்?”

அந்தக் கேள்விக்கு எனக்குக் கடையில்தான் பதில் கிடைத்தது. எங்கள் ஊரில் ஆண் தையல்காரனிடம் பெண்கள் வந்து நின்று அளவு கொடுப்பதில்லை. பொருத்தமான பழைய உடுப்பு ஒன்றைப் பையில் போட்டு யாரிடமாவது கொடுத்து அனுப்புவார்கள். அளவுச் சட்டை என்போம். கூடவே ஒரு சொல் வரும்: இதைவிடக் கையில் ஒரு இஞ்சி கூட, இடுப்பில் அரை இஞ்சி குறைவு. அந்தப் பெண் யார், எப்படி இருப்பா என்று எனக்குத் தெரியாது. தெரியத் தேவையுமில்லை. கூடக் குறைய மட்டும் தெரிந்தால் தைத்துவிடலாம்.

“நம்பர் எனக்கு வேணா மகள்” என்றேன். “நேத்தைய விட எவ்வளவு கூட, எவ்வளவு கொறைவு. அத மட்டும் சொல்லுங்க.”

மனைவியிடம் கேட்டோம்.  அதில் ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள்.

“ஓம். அது பரவால்ல.”

அன்றிலிருந்து எங்கள் காலை இப்படித்தான். நான் பள்ளிவாசலில் சுபஹ் தொழுதுவிட்டு வர அவள் கதவைச் சாத்திக்கொண்டு தராசில் ஏறுவாள். அங்கே மகள் சுபஹுக்கு எழும்புகிற நேரம் இங்கே எங்களுக்குத் தேத்தண்ணி நேரம். வட்ஸ்அப் வரும். ‘நேத்தையப் போலதான்.’ ‘கால் கிலோ கூட.’ ‘கால் குறைவு.’ வந்தால் தேத்தண்ணி இறங்கும். வரப் பிந்தினால் கோப்பையோடு முற்றத்தில் நடப்பேன். மகளுக்குக் காய்ச்சலோ, மருமகனுக்கு ஏதுமோ, கத்தாருக்கே ஏதுமோ.

“வாப்பா, நான் குளிச்சிக்கிட்டு இரிந்த” என்று மகள் ஒருநாள் எழுதினாள். அதற்குப் பிறகு அவள் எழுதிவிட்டுத்தான் குளிக்கப் போகிறாள்.

மச்சானுடைய மகளுக்குக் கலியாணம் வந்தது. மருதமுனை மாப்பிள்ளை. என் மனைவி மாமி முறை, அதுவும் ஒரே மாமி. அவளுக்கென்று ஒரு அபாயா தைத்தேன். முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை கல் வேலை, இரண்டு கைக்கும் முழங்கைவரை கல். ஒவ்வொன்றாகப் பிடித்தது நான்தான். தைத்து முடித்துக் கம்பிக் கொளுவியில் மாட்டியபோது கொளுவி வளைந்தது. வேறு கொளுவி எடுத்து மாட்டினேன்.

கலியாண நாள் காலை நான் பள்ளியிலிருந்து வந்து தேத்தண்ணியோடு இருந்தேன். வட்ஸ்அப் வந்தது.

‘வாப்பா, ரெண்டுக்கு மேல கூட.’

கோப்பையை எங்கே வைத்தேன் என்று தெரியாது. அறைக்கு ஓடினேன். அவள் புது அபாயாவோடு கண்ணாடியின் முன்னால் நின்று கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெளிக்கிடு, போவம்.”

“கலியாணம் பகல் லுஹருக்குப் பொறகுதானே.”

“ஆஸ்பத்திரிக்கு. ரெண்டுக்கு மேல கூடயாம்.”

அவளுக்கும் முகம் மாறியது. காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு சொன்னாள், “நேத்து மருதோண்டி போட்ட வீட்டுல வட்டிலப்பம் திண்டது கூடிட்டு போல.”

“வட்டிலப்பம் ரெண்டு கிலோவா திண்ட?”

“தம்பிட பொண்டாட்டி விடல்ல.”

ஓட்டோ பிடித்தேன். ஓட்டோக்காரன் எங்களைக் கண்ணாடியில் பார்த்து, “கலியாணமா காக்கா?” என்று என்னைக் கேட்டான். “ஓம், கெதியாப் போ” என்றேன். வழியெல்லாம் அவளுடைய மூச்சை எண்ணிக்கொண்டு போனேன். “அப்பிடி என்ட வாயப் பாக்காதீங்க, எனக்கே மூச்சு முட்டுது” என்றாள். அது நோயா கோபமா என்று பிரிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் நேர்ஸ் அவளை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தா.

“இதோடயா நிறை பாத்தீங்க?”

“எதோட?” என்று கேட்டேன் நான்.

நேர்ஸ் அபாயாவின் கையைப் பிடித்துத் தூக்கி, பிறகு பிடியை விட்டா. அது தொப்பென்று விழுந்தது. கற்கள் சத்தம் போட்டன.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கற்களைப் பார்த்தேன். “காலையில போட்டுப் பாத்த. கழட்ட முன்ன மகள் பாத்துக்கிட்டு இரிப்பாளே எண்டு ஏறிட்ட” என்றாள். அந்த அபாயாவை மடியில் வைத்து வாரக் கணக்கில் கல் பிடித்தவன் நான். தண்ணீர், நெஞ்சு, மூச்சு என்று எல்லாவற்றையும் நினைத்தேன். துணியை நினைக்கவில்லை.

“வீட்ட போவம்” என்றாள் அவள்.

 கல் இரண்டு கிலோவா? ஒன்றரையா? மிச்சம் என்ன? “வந்தது வந்தம், பாத்திட்டுப் போவம்” என்றேன்.

“இவரு இப்பிடித்தான்” என்று நேர்ஸிடம் சொன்னாள்.

“பாக்கத்தான் வேணும்” என்றா நேர்ஸ்.

திரைச்சீலைக்கு உள்ளே அவளைக் கூட்டிப் போனார்கள். அபாயா வெளியே என் கையில் வந்தது. நான் அதைத் தூக்கிப் பிடித்து நிறை பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே தராசில் ஏற்றும் சத்தம் கேட்டது. “நேத்து எவ்வளவு இரிந்த?” என்று நேர்ஸ் கேட்டா. மனைவி போனைக் கொண்டு வரவில்லை, பதற்றத்தில் எண்ணும் சரியாக நினைவில் இல்லை. “ஐயா, நேத்து எவ்வளவு?” என்று கேள்வி திரைக்கு வெளியே வந்தது.

“எனக்குத் தெரியா.”

“வீட்டுலதானே நிறுக்கிறீங்க?”

“எனக்குக் காட்டுற இல்ல.”

மகளுக்கு எடுத்தேன். “நேத்து எவ்வளவு மகள்?”

“உம்மாக்குச் சத்தியம் பண்ணியிருக்கன் வாப்பா.”

“ஆஸ்பத்திரியில கேக்குறாங்க!”

“அப்ப போன அவங்கட கையில குடுங்க. நீங்க காதில வைக்காதீங்க.”

சீலையின் இடுக்கால் போனை நீட்டினேன். நேர்ஸ் வாங்கினா. “சொல்லுங்க” என்றா. பிறகு, மூலை மேசையில் எழுதிக்கொண்டிருந்த மற்ற நேர்ஸுக்குக் கேட்பதற்காக, நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமாகச் சொன்னா. கட்டில்களில் படுத்திருந்தவர்களும் கேட்டார்கள்.

அந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. இதை அவளும் வாசிப்பாள். இத்தனை வருடம் துணியை வைத்து நான் மனதில் போட்டிருந்த கணக்கு பிழை என்பதை மட்டும் சொல்லலாம்.

டொக்டர் வந்து அவளுடைய கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி நின்றது. நேற்றைக்கும் இன்றைக்கும் முக்கால் கிலோவுக்குக் கிட்ட வித்தியாசம் இருந்தது. மகளிடம் கேட்டு முந்தின நாட்களையும் பார்த்தார். கால், கால் என்று சத்தமில்லாமல் ஏறி வந்திருந்தது. நான் ஒவ்வொரு நாளும் ‘கால் கூட’ என்று வாசித்துத் தேத்தண்ணி குடித்திருக்கிறேன்.

“பெரும்பங்கு இந்தக் கல்லு. மிச்சம் தண்ணி” என்றார். “கலியாண வீட்டுச் சாப்பாடு, அச்சாறு, கருவாடு, எல்லாம் உப்புத்தானே. இண்டைக்கு வந்தது நல்லது. வராம விட்டிருந்தா ரெண்டு நாளால மூச்சோட வந்திருப்பீங்க.” தண்ணீர் இறங்குகிற குளிசையைக் கூட்டினார். நேற்றையதை மட்டும் பார்க்காமல், நான்கு நாளைக்கு முந்தியதோடும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். “நிறுக்கிறதுக்கெண்டு லேசான உடுப்பு ஒண்ட ஒதுக்கி வைங்க” என்றும் சொன்னார்.

அதை நான் தைத்துத் தருவதாகச் சொன்னேன். டொக்டர் அது தனக்கு என்று நினைத்துக்கொண்டார் போல, வேண்டாம் என்றார்.

கலியாணத்துக்குப் போகலாம், அச்சாறு மட்டும் தொடக் கூடாது என்று விட்டார்கள். திரும்பும் ஓட்டோவில் அவள் அபாயாவைப் போட்டுக்கொண்டு இருந்தாள். மூச்சு சீராகத்தான் இருந்தது. நான் பார்க்காத மாதிரிப் பார்த்தேன்.

பஸார் தாண்டும்போது கேட்டாள்.

“இஞ்சாருங்க. அந்த நேர்ஸ் கத்தினது உங்களுக்குக் கேட்டதா?”

“என்ன கத்தின?”

“ஒண்டும் கேக்கல்லயா?”

“ஃபேன் சத்தத்துல எனக்கு ஒண்டும் கேக்கல்ல.”

அந்த அறையில் எங்கள் தலைக்கு மேலே ஒரே ஒரு ஃபேன்தான் இருந்தது, அதுவும் சுற்றவில்லை. மூன்று இறக்கையில் ஒன்றைக் கழற்றி, சுவரோரம் சாத்தி வைத்திருந்தார்கள். படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்திருந்தவள் அவள்தான்.

ஓட்டோ திரும்பியது. அவள் கைக் கற்களை ஒருதரம் சரிசெய்துகொண்டாள்.

“ஓம்” என்றாள். “பெரிய சத்தந்தான்.”